வந்து போகும் நடுக்கம்

வியாதிகளில் இரண்டு ஜாதி உண்டு. வைத்தியர் வந்த பிறகும் அசையாமல் உட்கார்ந்திருப்பது ஒன்று. வைத்தியர் வாசற்படியில் கால் வைத்ததும் ஓடி ஒளிந்துகொள்வது மற்றொன்று. முன்னது எத்தனை கொடியதானாலும் அதனிடம் ஒரு நேர்மை இருக்கிறது. எதிரே நின்று சண்டை போடுகிறது. பின்னதுதான் மனிதனை அவமானப்படுத்துகிறது. இரவெல்லாம் பல்வலியில் துடித்தவன் காலையில் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்காரும்போது வலி இருந்த இடம் தெரிவதில்லை. "எந்தப் பல்?" என்று அவர் கேட்கிறார். இவன் விழிக்கிறான். கூட வந்த மனைவி அவனை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

பழைய மோட்டார்க் காருக்கு இந்த இரண்டாவது ஜாதி வியாதி அடிக்கடி வரும். ஓட்டிக்கொண்டே போகிறோம். ஏதோ ஒரு வேகத்தில் காலடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, ஸீட்டுக்கு ஏறி, முதுகைத் தொடுகிறது. கண்ணாடியில் தெரியும் லாரி மங்கலாகிறது. சிறிது தூரம் போனதும் நின்றுவிடுகிறது. மறுநாள் வருவதில்லை, நாலாம் நாள் வருகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் கார் பட்டுப்போல் ஓடுகிறது. "ஒண்ணுமே இல்லீங்களே!" என்று அவர் கையைத் துடைத்துக்கொள்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் காருக்குச் சுகம் என்ற தீர்ப்போடு, கார்க்காரருக்கு மனப்பிராந்தி என்ற தீர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த நடுக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் இங்கிலாந்தும் ஸ்வீடனும் அமெரிக்காவும் வருகின்றன. ஆனாலும் அதைப் படிப்பதற்குக் கோயமுத்தூரைப்போல் வசதியான இடம் வேறில்லை என்பது என் எண்ணம். சுழல்கிற பொருள்களை நம்பிப் பிழைத்த ஊர் அது.

கொங்குச் சீமைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு மோட்டார் காலத்துக்கு வெகு முந்தியது. மழை குறைந்த பூமி. ஆழமாகக் கிணறு வெட்டி, எருது பூட்டிக் கவலை இறைத்து வெள்ளாமை செய்தவர்கள் அந்தக் குடியானவர்கள். சால் நிறைந்து மேலே வரும்போது உருளை போடும் சத்தத்தைக் கேட்டே, அச்சு தேய்ந்திருக்கிறதா, கயிறு விலகியிருக்கிறதா என்று தென்னந்தோப்புக்கு அப்பாலிருந்து சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். மாட்டு வண்டிக்கும் அப்படியே. அச்சில் மை காய்ந்தால் ஒரு குரல். கடையாணி தளர்ந்தால் வேறு குரல். வண்டியில் படுத்துத் தூங்குகிறவன்கூட அந்தக் குரல் மாறினால் விழித்துக்கொள்வான்.

1888-ஆம் வருஷம் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை முயற்சியில் கோயமுத்தூரில் முதல் நூற்பு மில் ஏற்பட்டபோது, இந்தக் காது மில்லுக்குள் புகுந்தது. அக்காலத்து மில் என்றால், ஓரிடத்தில் நீராவி எஞ்சின். அதிலிருந்து கூரையடியில் கட்டடம் முழுவதும் ஓடும் நீண்ட இரும்புத் தண்டுகள். அந்தத் தண்டுகளில் மாட்டிய கப்பிகளிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். ஒரு தண்டு இம்மி வளைந்திருந்தாலும் அந்தக் கோளாறு அங்கேயே நிற்காது. ஐம்பது அடிக்கு அப்பால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். நூல் அறுந்துகொண்டே இருக்கும். நடுங்குகிற இடம் ஒன்று, நடுங்க வைக்கிற இடம் வேறொன்று என்பதை மில் பிட்டர்கள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங் மேல் ஊன்றி மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பது அவர்கள் வழக்கம். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்புக்கு அது ஏழை அண்ணன்.

1932-இல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. மில்கள் பெருகின, கிணற்றடியில் எருது நின்ற இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். மோட்டார் செய்கிற ஊரில் நடுக்கத்தைப் பற்றிய அறிவு வளராமல் இருக்க முடியாது. சுழலுகிற உருளையில் ஒரு பக்கம் சற்றுக் கனம் கூடினால் போதும், பேரிங் சீக்கிரம் போய்விடும்.

இனி, மேல்நாட்டுக் கதைக்கு வருவோம். சுழலும் தண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. கோயில் மணியைத் தட்டினால் அது தனக்கென்று உள்ள ஒரே சுருதியில்தான் ஒலிக்கிறது. தண்டும் அப்படித்தான், தட்டினால் தனக்கென்று உள்ள ஒரு கதியில் அதிரும். அது சுழலும் வேகமும் அந்தக் கதியும் ஒன்றாகிவிட்டால் அதிர்ச்சி ஒன்றுக்குப் பத்தாகப் பெருகும். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை, அது பின்னால் வந்து திரும்புகிற கணம் பார்த்துச் சற்றே தள்ளிப் பாருங்கள். சுண்டு விரலால் தள்ளினாலும் ஊஞ்சல் உத்தரத்தைத் தொடப் பார்க்கும்.

ராங்கின் என்ற பெரிய எஞ்சினீயர் 1869-இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு தண்டுக்கும் வேகத்தில் ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் சுழற்றவே முடியாது என்று எழுதினார். சாமானியர் சொல்லியிருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள்; சொன்னவர் மேதை. ஆகவே இருபது வருஷம் உலகம் அதை நம்பிற்று. 1889-இல் ஸ்வீடன் தேசத்து டி லாவால் தம் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே மெல்லிய, வளையக்கூடிய தண்டைப் போட்டார். எல்லை என்று சொன்ன வேகத்தில் அது பயங்கரமாக நடுங்கிற்று. அவர் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினார். எல்லையைத் தாண்டியதும் நடுக்கம் அடங்கிவிட்டது! நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை அந்த யந்திரங்கள் அமைதியாக ஓடின. ராங்கின் சுவர் என்று நினைத்தது ஒரு வாசற்படிதான் என்று உலகம் தெரிந்துகொண்டது.

நம் கார்க்காரர் "அறுபதில் நடுங்குகிறது, எழுபத்தைந்தில் நின்றுவிடுகிறது" என்று சொன்னால் சிரிக்கிறவர்கள், டி லாவாலை நினைத்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தின் கனக்கோளாறு ஐம்பதிலும் இருக்கிறது, எழுபத்தைந்திலும் இருக்கிறது. அதை நம் முதுகுக்குத் தெரியும்படி பெரிதாக்கிக் காட்டுவது அந்த ஒரு வேகம். ஆகையால், வந்து போகிற நடுக்கத்தில் வந்து போவது கோளாறு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. கோளாறு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அதை வெளியே கூப்பிடுகிற நிபந்தனைதான் வந்து போகிறது. இந்த நிபந்தனையைக் கண்டுபிடிப்பதுதான் வித்தையெல்லாம்.

கோயமுத்தூர் ஜில்லாவில் மோட்டார் வைத்தியத்துக்கு மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்வதானால் ஜி. டி. நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவரை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோயமுத்தூர் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர்வலம் போகவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்தார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அது யூனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது.

பஸ்காரருக்கும் கார்க்காரருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கார் நடுங்கினால் வீட்டில் நிறுத்திவிட்டு ரெயிலில் போகலாம். பஸ்ஸுக்கு அது முடியாது. குறித்த நேரத்தில் அது பழனி போய்ச் சேர வேண்டும். ஆகவே டிரைவர் சொல்லுகிற சிறு சிணுங்கலையும் பஸ் முதலாளி காது கொடுத்துக் கேட்டாக வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் பஸ் கம்பெனிகளை ஒட்டி லேத்துப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் வளர்ந்தன. வெளியூரிலிருந்து சாமான் வரும் வரையில் பஸ்ஸை நிறுத்தி வைக்க மனமில்லாதவர்கள், தேய்ந்ததைத் தாங்களே கடைந்து போட்டுக்கொண்டார்கள். அந்தத் தைரியத்தின் நன்மையை இன்றும் கொங்கு நாடு அனுபவிக்கிறது. அதில் ஓர் ஆபத்தும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

காரின் அடியில் எஞ்சினையும் பின் அச்சையும் இணைத்து ஒரு நீண்ட குழாய்த் தண்டு ஓடுகிறதல்லவா? எஞ்சின் காரின் உடலோடு கட்டப்பட்டது. பின் அச்சோ ஸ்பிரிங் பட்டைகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. இரண்டுக்கும் நடுவே தண்டு மடங்கி மடங்கிச் சுழல வேண்டும். அதற்காக இரண்டு முனையிலும் கணுக்கள் உண்டு. இந்தக் கணுவைத் தெளிவாக எழுதி வைத்தவர் ராபர்ட் ஹூக். 1676-இல் அவர் அதை வர்ணித்தபோது மோட்டாரைக் கனவிலும் கண்டதில்லை. வானத்தைப் பார்க்கும் கருவிகளுக்காகவும் சூரிய கடிகாரத்துக்காகவும் சொன்னார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஸ்பைஸர் என்ற வாலிபர், சங்கிலியால் கடகடவென்று ஓடிய கார்களின் சத்தம் பொறுக்காமல், ஹூக்கின் கணுவை எண்ணெய் சிந்தாமல் மூடிக் காருக்கு ஏற்றதாக்கி 1903-இல் பேட்டன்ட் வாங்கினார். நம் பட்டறைகளில் அதன் நடுத்துண்டைக் "கிராஸ்" என்று சொல்லுவார்கள். கூட்டல் குறிபோல் இருப்பதால் பெயர் பொருத்தமானதே.

இந்தக் கணுவுக்கு ஒரு குணக்கேடு உண்டு. அது மடங்கிய நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறு பக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும். இரண்டு தடவை பிந்தும். மடக்கு 10 டிகிரி என்றால் இந்த முந்தலும் பிந்தலும் நூற்றுக்கு ஒன்றரை. 5 டிகிரி என்றால் அரைக்கும் குறைவு. மடக்கு பாதியானால் கோளாறு கால்வாசியாகிறது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணு செய்யும் இந்தக் குற்றத்தை இரண்டாவது கணு நேர்மாறாகச் செய்து சரிக்கட்டிவிடும். அதற்கு முக்கியமான ஒரு நிபந்தனை உண்டு. தண்டின் இரு முனையிலும் உள்ள கவைகளின் காதுகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று கிழக்கு மேற்காகவும் மற்றொன்று சற்றுத் திரும்பியும் இருந்தால், தவறைத் தவறு அழிக்காது. கொஞ்சம் மிச்சம் நின்று காரை ஆட்டும்.

நல்ல மெக்கானிக் காரின் அடியில் படுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். அவர் கேள்விகளின் நியாயத்தைக் கார்க்காரரும் தெரிந்துகொள்வது நல்லது.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகம் என்றால் நிமிஷத்துக்கு ஆயிரம் மீட்டர். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். ஆகச் சக்கரம் நிமிஷத்துக்கு 500 சுற்று, அதாவது நொடிக்கு எட்டுச் சுற்று சுற்றுகிறது. சக்கரத்தில் குறை என்றால் "திம் திம்" என்று எண்ணிவிடக்கூடிய ஆட்டமாக இருக்கும். பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். நடுத்தண்டு சக்கரத்தைப்போல் நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல்வது. அதன் குறை எண்ண முடியாத ஒரு "ர்ர்ர்" ஆக ஸீட்டிலும் தரையிலும் தெரியும். அந்த வேகத்திலேயே கிளச்சை மிதித்து நியூட்ரலில் விட்டுப் பார்க்க வேண்டும். நடுக்கம் அப்போதும் தொடர்ந்தால் எஞ்சின் நிரபராதி. நின்றுவிட்டால் எஞ்சினையும் அதைத் தாங்கும் ரப்பர்களையும் பார்க்க வேண்டும்.

பிறகு, வந்து போவதற்கான காரணங்கள். கொங்கு நாட்டிலேயே எத்தனை தினுசு! பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண் தோட்டங்களுக்கு மழை நாளில் காரை ஓட்டிப் போனால், சக்கரத்தின் உட்புறத்தில் களிமண் அப்பிக்கொள்ளும். வீடு திரும்புவதற்குள் ஒரு பக்கம் காய்ந்து உதிரும். மறு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் நடுங்கிவிட்டுத் தானாகவே குணமாகும். பழைய நைலான் டயர் போட்ட கார் இரவெல்லாம் நின்றால், தரையைத் தொட்ட இடம் தட்டையாகிவிடும். காலையில் முதல் சில கிலோ மீட்டர் தடதடவென்று ஓடி, சூடேறியதும் உருண்டையாகி அடங்கும். பிரேக் டிரம் கோணியிருந்தால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் பக்கவாட்டில் மோதும்போது, ஒன்றுமே இல்லாத காரும் நடுங்குவதுபோல் தோன்றும். எல்லாவற்றிலும் மோசமானது சக்கர நட்டுகள் தளர்ந்த நடுக்கம். அதற்கு ஆராய்ச்சி வேண்டாம், உடனே நிறுத்தி இறங்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு காரணத்தை நான் 1990களில் கண்டேன். பொள்ளாச்சியில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். ஹைஸ்கூல் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாருதி வந்து ஊரெல்லாம் மாறிய பிறகும் அம்பாஸிடரை விடாதவர். மலைப்பாதையில் ஒரு பாறை இடித்து நடுத்தண்டு வளைந்துபோக, ஒரு லேத்துப் பட்டறையில் புதுக் குழாய் போட்டு வெல்டு வைத்துக்கொண்டார். கையோடு, ரோடு மோசம் என்று பின்பக்க ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடச் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு 60, 65 வேகத்தில் ஒரு நடுக்கம் வர ஆரம்பித்தது.

மூன்று இடத்தில் காட்டினார். ஒருவர் சக்கரங்களுக்குப் பேலன்ஸ் பார்த்தார். ஒருவர் டயரை மாற்றச் சொன்னார். ஒருவர் ஸ்டியரிங் மூட்டுக்களைப் புதிதாகப் போட்டார். ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தபோது கார் அற்புதமாக ஓடிற்று. மறுநாள் அவர் ஓட்டும்போது நடுங்கிற்று. பணம் போனதை அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் பிள்ளைகள் இருவரும் கூடத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்ததுதான் அவரைத் தைத்தது. "காரில் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. காரை விற்றுவிடுவதுதான் நல்லது" என்று மூத்தவன் சொன்னான். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல, பயந்து சொன்னார்கள். முப்பத்தைந்து வருஷம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சாக்குப்போக்குகளில் எது மெய், எது பொய் என்று பிரித்தவர், தம் வீட்டில் தம் வார்த்தை பொய்யென்று எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கேட்டார். அன்றிரவு இரு கைகளையும் விளக்கடியில் நீட்டி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக என்னிடம் சொன்னார். கைகள் அசையவில்லையாம். ஆனாலும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒண்டிப்புதூர்ப் பக்கம் சிறு ஷெட் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனோம். மில்லில் பிட்டராக இருந்தவர். கூரைத் தண்டு காலத்தைக் கண்டவர். அவர் காரைத் தொடவில்லை. எதிரே ஸ்டூலைப் போட்டு, "சொல்லுங்க வாத்தியாரய்யா" என்று உட்கார்ந்துகொண்டார். முழுக்கக் கேட்டார். பிறகு, "இப்போ வேண்டாமுங்க. ஒரு நோட்டுப் போடுங்க. ஒவ்வொரு தடவை போறப்பவும் எழுதுங்க. என்ன வேகம், கியர்ல இருந்துச்சா, நியூட்ரலா, ரோடு ஈரமா, பெட்ரோல் எவ்வளவு, வண்டியில எத்தனை பேரு, வந்துச்சா வரலையா. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார்.

நோட்டுப் போடச் சொன்னால் வாத்தியாருக்குக் கசக்குமா? பத்து நாளும் ஆஜர்ப் பட்டிபோல் கோடு கிழித்து எழுதினார். பெரியவர் அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வேகம், ஈரம், பெட்ரோல் எதிலும் விரல் நிற்கவில்லை. "எத்தனை பேர்" என்ற கட்டத்தில் வந்து நின்றது. நடுங்கிய நாள் எல்லாவற்றிலும் 1 என்று எழுதியிருந்தது. மூன்று பேர், நாலு பேர் போன நாள் ஒன்றிலும் நடுக்கம் இல்லை.

"ஏனுங், மெக்கானிக்குக கிட்டக் காட்டப் போனப்ப எத்தனை பேரு ஏறுனாங்க?"

வாத்தியார் யோசித்தார். பக்கத்தில் மெக்கானிக், பின்னால் அவருடைய இரண்டு பையன்கள், டிக்கியில் சாமான் பெட்டி.

"அதானுங்க. பாக்க வந்தவங்க பாரத்துலயே அது அடங்கிப் போச்சுங்க" என்றார் பெரியவர்.

அவர் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்து, தலையை ஆட்டினார். தண்டைக் கழற்றினார். கிராஸ்களை எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் காதுத் துளைகளின் வழியே நேரான இரும்புக் கம்பியைச் செருகினார். தண்டை இரண்டு கட்டைகளின்மேல் கிடத்தி, ஒரு கம்பியின் மேல் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தார். மறு முனைக் கம்பியின் மேல் வைத்தபோது குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடிவிட்டது. வெல்டு வைத்தவர் காதுகளை ஒரே மட்டத்தில் நிறுத்தாமல் சற்றுத் திருப்பி ஒட்டிவிட்டார். கடைந்து போட்டுக்கொள்ளும் தைரியத்தில் உள்ள ஆபத்து என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்: செய்யத் தெரிவது சீக்கிரம் வந்துவிடுகிறது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பது சில சமயம் வந்து சேர்வதில்லை.

மற்றது புரிந்துவிட்டது. கூடுதல் பட்டையினால் காரின் பின்பக்கம் உயர்ந்து நின்றது. ஒருவர் மட்டும் ஓட்டும்போது தண்டின் மடக்கு அதிகம். கோளாறு முழுப் பலத்தோடு தெரிந்தது. மூன்று பேர் கூட ஏறியதும் உடல் தாழ்ந்து தண்டு ஏறக்குறைய நேரானது. மடக்கு பாதியானால் கோளாறு கால்வாசிதானே? லேத்தில் வெல்டை வெட்டி, காதுகளை மட்டம் சேர்த்து, மறுபடி ஒட்டி, சுழற்றி ஓட்டம் பார்த்து மாட்டினார்கள். சேர்த்த பட்டையையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கார் நடுங்கவில்லை. வாத்தியார் இன்னும் சில வருஷங்கள் ஓட்டினார். மூத்த பிள்ளை அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தானாம். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைத் தானே கழுவித் துடைத்தான்.

பெரியவரிடம் என்னைக் கவர்ந்தது அவருடைய ரசமட்டம் அல்ல. மற்ற மூவரும் காரைச் சோதித்தார்கள். காரில் ஒன்றும் காணாதபோது மனிதரைச் சந்தேகித்தார்கள். இவர் மனிதர் சொன்னது மெய் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து ஆரம்பித்தார். சொன்னது மெய்யானால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்குள் சோதிக்க வந்தவர்களும் அடங்கியிருக்கலாம் அல்லவா? நாம் பார்க்கப் போவதாலேயே ஒரு பொருள் மாறிவிடக்கூடும் என்று பெரிய விஞ்ஞானிகள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஒண்டிப்புதூர்ப் பெரியவர் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஒரு கட்டத்தில் கண்டார்.

அம்பாஸிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. 2015-இல் கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஜி. டி. நாயுடு பெயர் விளங்கும் கார்க் காட்சிசாலை திறக்கப்பட்டது. பழைய வண்டிகள் அங்கே மெருகு கலையாமல் நிற்கின்றன. நிற்கிற கார் நடுங்குவதில்லை. ஓடுகிற கார்களுக்கு இப்போது கம்ப்யூட்டர் வைத்தியம் வந்துவிட்டது. சக்கரத்தை மாட்டினால் எந்த இடத்தில் எத்தனை கிராம் ஈயம் வேண்டும் என்று எண்ணில் எழுதிக் காட்டுகிறது. நல்ல சாதனம்தான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது சக்கரத்தைக் கேட்கிறதே தவிர, சக்கரத்தை ஓட்டினவரைக் கேட்பதில்லை. அந்த வேலை இன்னும் மனிதனுக்குத்தான் இருக்கிறது.

வீட்டிலும் வயதானவர்கள் உண்டு. "ராத்திரியில் ஏதோ செய்தது, இப்போது இல்லை" என்று அவர்கள் சொல்லும்போது, நாம் கையைப் பிடித்துப் பார்த்து, "ஒன்றும் இல்லையே!" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். நாம் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது வராமல் இருக்கலாம். தனியாக இருக்கும்போது வருவதாக அவர்கள் சொன்னால், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, எப்போது, எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கு அதிகச் செலவாகாது.